வழுக்குப்பாறையும் நான் எழுதிய மனுவும்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே பேர்தான். தமிழ் டீச்சர் வராந்தாவில் வருகிறாள் என்றால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கிவிடும். ஆனால் வரவேண்டிய இடத்தில் வராமல், எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்த கோபம் ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதில் பாதி என் மேலேயே வந்த கோபம்.

அத்தான், அதாவது என் கணவரின் அண்ணன், கல்ஃபிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். லீவில் வந்த மனுஷனால் ஒரு நாள் சும்மா இருக்க முடியாது. வட்டக்கோட்டை பார்த்தாயிற்று. குளச்சலுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து, அதை நாங்கள் வெட்டிக் கழுவிப் பொரித்துக் கொடுத்து, தின்றாயிற்று. கடைசியில் காட்டுக்குள்ளே இருக்கிற வழுக்குப்பாறைக்குப் போகலாம் என்றார். வனத்துறை அதைச் சுற்றுலா இடமாக்கி, கம்பி வேலியும் டிக்கெட் கவுண்டரும் வைத்தபிறகு நாங்கள் யாரும் அங்கே போனதில்லை. அத்தான், அக்கா, என் கணவர், நான் என்று நாலு பேர் ஒரு காரில் கிளம்பினோம். பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். நல்லவேளை.

அக்கா என்று நான் சொல்வது அத்தானின் மனைவியை. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் நாங்கள். என்னைவிட ஐந்து வயது மூப்பு. அத்தான் இல்லாத காலமெல்லாம் மாமியாருக்கு வைத்தியம் பார்த்தது, வயலுக்கு ஆள் விட்டது, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மாடி எடுத்தது எல்லாம் அவள்தான். அத்தான் வந்து இறங்கியதும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைக்க வேண்டும் என்றுகூட அவர் சொல்லிக்கொடுப்பார். அவளும் தலையாட்டிக்கொண்டு கேட்பாள். நாற்பது நாள்தானே என்பாள் என்னிடம்.

அன்று விடியுமுன் எழுந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்து, டப்பாக்களில் அடைத்து, துண்டு, மாற்றுத்துணி, தண்ணீர் எல்லாம் காரில் ஏற்றியது நாங்கள் இரண்டு பேரும். அத்தான் ஏற்றியது கமுகம்பாளை மட்டும்தான். அவர் வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டுக் கமுகு, அதாவது பாக்குமரம், நிற்கிறது. காய்ந்து விழுகிற மட்டையின் அடியில் அகலமாக, தோல் மாதிரி வழவழவென்று இருக்குமே, அதுதான் பாளை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து, இன்னொருவன் ஓலையைப் பிடித்து இழுக்க, முற்றம் முழுக்க இழுபட்டுப் போகாமல் இருந்திருக்க மாட்டார்கள். அத்தானுக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. நல்லதாகப் பார்த்து இரண்டு பாளை எடுத்து டிக்கியில் வைத்தார்.

"அங்க எல்லாவனும் சும்ம பாறையில ஒரசிக்கிட்டு போவான். நாம பாளையில போனா பறக்கும் பாத்துக்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ரப்பர் தோட்டமெல்லாம் தாண்டி, செக்போஸ்டில் பேர் எழுதி, காட்டுக்குள்ளே போனோம்.

வழுக்குப்பாறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடை ஒரு பெரிய சரிவான பாறைமேல் பரந்து இறங்குகிறது. ஒரு தென்னை உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தண்ணீர் எத்தனை காலம் ஓடியதோ, பாறையின் நடுவில் ஏர் உழுத சால் போல ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மேலே அந்தச் சாலில் உட்கார்ந்தால் போதும், தண்ணீரே கொண்டுபோய், கீழே இடுப்பளவு தண்ணீர் தேங்கிய கசத்தில் இறக்கிவிடும். வலப்பக்கம் பாசி. இடப்பக்கம் பாறை உடைந்து, படியாக இறங்கி, கீழே உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. அந்தச் சாலுக்குள்ளேயே இருக்கிற வரைக்கும் சின்னப் பிள்ளைகூட இறங்கலாம்.

சாலிலிருந்து யாரும் விலகாமல் பார்ப்பதற்கென்று மேலே ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். மேலே இருக்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறவள். வனத்துறை தினக்கூலிக்கு வைத்திருந்தது. ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துச் சாலில் நேராக உட்கார வைப்பாள். கீழே கசத்தில் முன்னால் போனவர் விலகிவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பாள். பிறகுதான் விசில். அவ்வளவு கூட்டத்தில் ஒரு தடவைகூட அவள் அவசரப்பட்டதை நான் பார்க்கவில்லை. வகுப்பில் நாற்பது பேரைக் கத்தாமல் வரிசையில் நிறுத்த எனக்கு வராது. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நான் பார்த்தேன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே எனக்கு வேறு வேலை இல்லை. குடும்பமாக அருவிக்கும் ஆற்றுக்கும் போனால் பெண்களில் ஒருத்தி மேட்டில் உட்கார்ந்து பை காக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நாலு போன், இரண்டு வாட்ச், கார்ச் சாவி, அத்தானின் மூக்குக்கண்ணாடி எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் மடியில் இருந்தன. சரிவுக்கு மேலே, பத்தடி தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். நடந்தது எல்லாம் என் கண்முன்னால் நடந்தது.

அத்தான் பாளையோடு வரிசையில் போய் நின்றார். அந்தப் பெண் கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணா, பாளைய வச்சி எறங்கப்பிடாது. சும்ம இருந்து எறங்குனா தண்ணி சாலோட கொண்டுபோவும். பாளை தண்ணிக்கி மேல போவும். சாலு விட்டு ஏறிரும். அந்தப் பக்கம் பாருங்க, பாறை முறிஞ்சி கெடக்கு."

"நாங்கல்லாம் பாளையில ஏறி வளந்தவங்களாக்கும். நீ பொறக்கதுக்கு முந்தி."

"அது மண்ணுலா அண்ணா. இது பாறை."

சொல்லிவிட்டு, பாளையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் ஷெட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மரியாதையாகத்தான் வாங்கினாள். வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அத்தானின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவர் சும்மா உட்கார்ந்து ஒரு தடவை இறங்கினார், என் கணவரும் இறங்கினார். மேலே ஏறி வந்தபோது அத்தான் என்னிடம் கார்ச் சாவி கேட்டார். எதற்கென்று எனக்குத் தெரியும். கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஓடையின் மேல்பக்கத்தில், வேலிக்கு அப்பால் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் உயரமான பாறையில் ஏறிக் குதிக்கப் பார்த்தார்கள். அந்தப் பெண் வரிசையைப் பார்த்து, "யாரும் எறங்காதிய, நா வாறது வர நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, விசில் ஊதிக்கொண்டு அங்கே ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் நின்றார்கள். அத்தான் இரண்டாவது பாளையோடு வந்தார். வந்தவர் தான் உட்காரவில்லை. காலை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு காலு நனைக்கதுக்கா வந்த? வா, இதில இரி."

"வேண்டாம். எனக்குப் பேடியா இருக்கு. அந்தப் பிள்ள வரட்டு."

"அவ என்ன, இந்தக் காட்டுக்கு ராணியா? இரிட்டி, ஒண்ணும் ஆவாது."

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான், "அத்தான், அவ வந்துரட்டே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாக்பீஸ் டப்பாவை மேஜையில் அடித்து நாற்பது பிள்ளைகளை நடுங்க வைக்கிற எனக்கு, அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. "டீச்சரு பையப் பாத்துக்கிட்டு இரி" என்றார். என் கணவர் கீழே கசத்தில் நின்று கையை ஆட்டினார், வா வா என்று. அக்கா மறுபடியும் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தான் அவள் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார்.

அந்தப் பெண் சொன்னபடியேதான் நடந்தது. பாளை தண்ணீருக்கு மேல் போயிற்று. பாதித் தூரம்கூடப் போகவில்லை, சாலிலிருந்து ஏறி, இடப்பக்கம் திரும்பி, உடைந்த பாறைப்படியில் தட்டி அக்காவைத் தூக்கிப் போட்டது. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். பிடிக்க எதுவுமில்லாத இடத்தில் மனுஷர் அப்படித்தான் விழுவார்கள்.

விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அந்தப் பெண் பாறைச் சரிவின் ஓரமாகவே ஓடி இறங்கிக்கொண்டிருந்தாள். நானும் என் கணவரும் போய்ச் சேருவதற்கு முன்னால் அவள் அக்காவின் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தாள். அக்காவின் மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பெண், அதே பாளையை எடுத்து, நீளவாக்கில் கையாலேயே கிழித்து, அக்காவின் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வளைத்துப் பொதிந்து, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். "ஆட்டாதிய அக்கா, இப்பம் ஆசுவத்திரிக்கி போயிரலாம்" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அத்தான் பக்கத்தில் நின்று, "நீ எங்கடீ போன? ஒன்ன எதுக்கு இங்க நிறுத்தியிருக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டி முடித்து, என் கணவரோடு சேர்ந்து அக்காவைத் தூக்கி, கார் வரைக்கும் கொண்டுவந்து ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "யாரு கட்டுனது? நல்லா கட்டியிருக்காங்க. இல்லேன்னா எலும்பு வெளிய வந்திருக்கும்."

"நான்தான் டாக்டர். அங்க கம்பெனியில சேஃப்டி டிரெயினிங் உண்டும்லா" என்றார் அத்தான்.

நான் பையோடு அவருக்குப் பின்னால் நின்றேன். என் கணவரும் நின்றார்.

மறுநாள் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து, மணிக்கட்டில் பிளேட் வைத்து, வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எப்படி விழுந்தது? முதலில் வந்தவரிடம் அத்தான் கொஞ்சம் தடுமாறினார். "பாறை வழுக்கிட்டு" என்றார். அடுத்தவரிடம், "அங்க ஒரு பொண்ண நிறுத்தியிருக்கான், அவ எடத்துல இல்ல" என்றார். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது பேச்சு கோர்வையாகிவிட்டது. ஆறாவது ஆளிடம் சொல்லும்போது அவரே அதை நம்பிவிட்டார். இவ்வளவு நாள் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனுஷன் பொய் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொன்ன பொய்யை நம்பிவிட்டு, அதற்காகக் கோபப்படவும் செய்கிற ஆளோடு என்ன செய்வது?

"இத சும்ம விடப்பிடாது. நாளைக்கி வேற ஒருத்தருக்கு இப்பிடி வந்தா? டீச்சரே, ஒரு மனு எழுது" என்றார்.

எங்கள் குடும்பத்தில் மனு என்றால் நான்தான். தெருவிளக்கு எரியாததிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வராதது வரைக்கும், தெருவில் பாதிப்பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த அதிகாரிக்கு எந்தச் சொல் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் தயங்கியதைப் பார்த்து என் கணவர் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எழுதிக் குடு. அண்ணன் ரெண்டு வாரத்துல போயிருவாவ. எதுக்கு வெறுதே சண்ட?" என்றார்.

எழுதினேன். அக்கா படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் இருந்த சாப்பாட்டு மேஜையிலேயே வைத்து எழுதினேன். 'பணியிலிருந்த பெண் காவலர் தமக்குரிய இடத்தில் இல்லாத நிலையில்' என்று எழுதினேன். இரண்டு நிமிஷத்துக்கு அது உண்மை. 'எவ்வித எச்சரிக்கையும் செய்யப்படாத காரணத்தால்' என்று எழுதினேன். அது முழுப் பொய். பாளை என்கிற சொல் அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் வரவில்லை. எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பாடம் நடத்துகிறவள் நான். அந்தத் திறமை முழுவதையும் அதில் காட்டினேன். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தான் கையெழுத்துப் போட்டார். நேரில் பார்த்த சாட்சி என்று நானும் போட்டேன்.

ஒரு வாரம் கழிந்தது. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அத்தான் போட்டிருக்கிறார்: வனத்துறையில் விசாரித்தேன், அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இனிமேல் மற்றவர்களுக்காவது பாதுகாப்பு. அதற்குக் கீழே கும்பிட்ட கைகள். 'கர்த்தர் நியாயம் செய்தார்' என்று ஒருவர். 'உங்கள் துணிச்சலுக்குப் பாராட்டுகள்' என்று இன்னொருவர். 'மனுவின் வாசகங்கள் அருமை' என்று எனக்கும் ஒரு பாராட்டு.

அப்போதுதான் வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த டீச்சர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் வாயில் என்ன வந்ததோ, அவள் அடுத்த நாள் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் செய்வதுபோல அக்காவின் கையைப் பொதிந்து கட்டிய ஒருத்தியின் சோற்றில் நான் மண்ணைப் போட்டிருக்கிறேன். அதுவும் பிழையில்லாத தமிழில்.

அன்று இரண்டாவது மனு எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுத ஒரு பக்கம்தான் ஆயிற்று. மறுநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன்.

ரேஞ்சர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், படித்தார். பிறகு பீரோவைத் திறந்து பழைய மனுவை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சர், ரெண்டும் நீங்க எழுதினது. ரெண்டுலயும் நேரில் பார்த்த சாட்சின்னு போட்டிருக்கீங்க. போன வாரம் பொய் எழுதினவங்க இந்த வாரம் உண்மை எழுதுறாங்கன்னு நான் எப்படி மேல அனுப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் வர நியாயம் இல்லை.

"அந்தப் பொண்ணு பாளையப் பத்திச் சொல்லத்தான் செஞ்சது. ஆனா ஆதாரம் வேணும். அடிபட்டவங்க வாயால சொல்லட்டும். அது போதும். நான் அவளைத் திரும்ப எடுத்துக்கிறேன்" என்றார்.

நேராக அக்காவிடம் போனேன். அத்தான் கடைக்குப் போயிருந்தார். கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எல்லாம் சொன்னேன்.

"அவிய போவட்டு. அதுக்குப் பெறவு பாப்போம்" என்றாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள அங்க வேற ஆளு எடுத்துருவாவ."

"எனக்கு வாழணும்லா. ஒனக்கென்ன, நீ சண்ட போட்டுட்டு ஒன் வீட்டுக்குப் போயிருவ."

அவளிடமும் கத்தினேன். கை ஒடிந்து கிடக்கிறவளிடம், "ஒன்னத் தள்ளுனது அவரு, கட்டுனது அவ, நீ யாருக்காக வாய மூடிக்கிட்டு கெடக்க?" என்று கத்தினேன். அவள் அழுதாள். நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். அதுவும் எனக்குப் பெருமை தருகிற காரியம் இல்லை.

சனிக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். செக்போஸ்டில் கேட்டதற்கு, கீழே ரப்பர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள் என்றார்கள். தோட்டத்துக் கொட்டகைக்கு முன்னால் கொடியில் ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டை இல்லாமல் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. வேலையை நிறுத்தவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கையில் கொண்டுபோயிருந்த இரண்டாவது மனுவின் நகலை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். அவள் முகம் இளகும் என்று நான் காத்திருந்தேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

அவள் தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இத எதுக்கு எங்கிட்ட கொண்டு வந்திய? நடந்தது எனக்குத் தெரியும்லா. தெரியாதவிய கிட்ட கொண்டு போங்க."

அடுத்த ஷீட்டை எடுத்து விரிக்கப் போய்விட்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் முதலில் அவள்மேலும் கோபம் வந்தது, இவ்வளவு தூரம் வந்தவளிடம் ஒரு வார்த்தை நன்றாகப் பேசினால் என்ன என்று. ஊர் வந்து இறங்குமுன் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து, இரண்டாவது மனுவைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கீழே, 'முதல் மனுவில் நான் எழுதியது பொய். நடந்தது இது' என்று எழுதினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன காரியம் செஞ்சிட்ட" என்றார். "செய்ய வேண்டிய காரியம், நீங்களும் செஞ்சிருக்கணும்" என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குழுவில் ஒவ்வொருவராக வந்தார்கள். 'இதெல்லாம் குடும்ப விஷயம், பொதுவில் வேண்டாம்.' 'டீச்சருக்கு என்ன ஆயிற்று?' 'முடிந்ததைக் கிளற வேண்டாம்.' கும்பிட்ட கைகள் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தான் போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை. மறுபடி பண்ணினார். எடுக்கவில்லை. 'இவள் சொல்வது அத்தனையும் கற்பனை' என்று குழுவில் எழுதினார்.

அதற்குக் கீழே அக்காவின் பேரில் ஒரு குரல் பதிவு வந்தது. அக்கா அதுவரைக்கும் அந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர ஒன்றும் போட்டதில்லை. வலது கையில் கட்டு இருக்கிறது, எழுத முடியாது. பேசியிருந்தாள். பத்து செகண்டுகூட இல்லை.

"டீச்சரு சொல்லுகது நேரு, உள்ளதாக்கும். நா வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். அந்தப் பிள்ளையும் பாளை வேண்டாம்னு சொல்லிச்சு. இவியதான் தள்ளுனாவ."

உடனே அதை ரேஞ்சருக்கு அனுப்பினேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண் திரும்பவும் பாறைக்கு மேலே விசிலோடு நின்றாள் என்று செக்போஸ்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. போய் நின்று அவளிடம் நல்ல பேர் வாங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் அன்று மத்தியானம் குழுவில் நடந்ததை முழுதும் சொல்ல வேண்டும். அக்காவின் குரல் வந்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது, அது காணாமல் போயிற்று. அந்த இடத்தில், அட்மின் நீக்கிவிட்டார் என்று இருந்தது. குழுவுக்கு அட்மின் அத்தான்தான். அவர் முன்னறையில் இருந்திருப்பார், அவள் உள்ளறைக் கட்டிலில் இருந்திருப்பாள். நடுவில் ஒரு சுவர். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்த வீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன்.

அதற்குள் அக்காவின் குரல் மறுபடியும் வந்தது. அதே வார்த்தைகள், கொஞ்சம் சத்தமாக. அதுவும் நீங்கியது. மூன்றாவது வந்தது. இந்தத் தடவை, கையைக் கட்டியது அந்தப் பெண், டாக்டரிடம் சொன்னது பொய் என்பதும் சேர்ந்திருந்தது. அதையும் நீக்கினார். முப்பத்திரண்டு பேர் இருக்கிற குழுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நாலாவது பதிவு இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. நடந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து, நிதானமாக, கேஸ் அடுப்பு பற்றவைக்கச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். கடைசியில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, குழுவுக்கு அல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் பேசினாள்.

"இனியும் அழிச்சா இனியும் சொல்லுவேன். எனக்கு வேற என்ன வேல, கையி ஒடிஞ்சி கெடக்கம்லா."

அதை அவர் அழிக்கவில்லை.